ஏழாவது சிடி

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் காந்திமதி கம்ப்யூட்டரின் தலையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவார். தட்டினால்தான் உள்ளே விசிறி சுற்றும். பிறகு டில்லி துவாரகாவின் அந்த மூன்றாம் மாடி வீட்டில் நையாண்டி மேளம் கிளம்பும். தவிலும் பம்பையும் கொட்டுகிற கொட்டில் தோசைக்கரண்டி தானாக ஆடுகிறது என்று அவர் கணவர் ரத்தினவேல் சத்தியம் செய்வார். ஆடுவது கரண்டியைப் பிடித்த கைதான் என்பது கீழ்வீட்டுக்காரர்களுக்குக்கூடத் தெரியும்.

காந்திமதிக்கு ஐம்பத்தாறு வயது, அமைச்சகம் ஒன்றில் பிரிவு அதிகாரி. ஹிந்தியில் சண்டை போடுவார், திருநெல்வேலித் தமிழில் சமாதானமாவார். கடைசி வரிவரை படிக்காமல் எதிலும் கையெழுத்திட மாட்டார். கூரியர்காரர் நீட்டும் துண்டுச்சீட்டுக்கும் அதே மரியாதைதான். "ருக்கோ பையா, படிச்சிருதேன்" என்று கண்ணாடியைத் தேடப் போவார். அந்த மனிதர் படியிலேயே உட்கார்ந்துவிடுவார்.

அந்த மேளத்தின் பன்னிரண்டு உருப்படிகளையும் பதினைந்து வருடத்துக்கு முன் இணையக் கடை ஒன்றில் காசு கொடுத்து இறக்கினார். 'சம்மதம்' என்ற பொத்தானை அமுக்குவதற்கு முன் நிபந்தனைகளை ஒன்றரை மணி நேரம் படித்தார். நடுவில் இரண்டு காபி. உலகத்தில் அதை முழுசாகப் படித்த ஒரே ஆத்மா இவராகத்தான் இருக்கும். பாட்டு அந்தக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் பாடும்; சிடியில் ஏழு முறை பதியலாம்; எட்டாவது முறைக்குப் பூட்டு. சாராம்சம் அவ்வளவுதான்.

முதல் சிடி பாதியில் கரண்ட் போய் வீணானது. இரண்டாவது, மே மாதத்தில் காருக்குள் கிடந்து அப்பளமாக வளைந்தது. மூன்று சிடிகள் மாற்றலாகிப் போன சிநேகிதிகளோடு போயின. ஆறாவது மேல்வீட்டு மதுவுக்கு. சத்தம் தாங்கவில்லை என்று சண்டைக்கு இறங்கி வந்த பஞ்சாபிப் பெண்மணி, வாசலிலேயே தோளைக் குலுக்க ஆரம்பித்து, கடைசியில் சிடியோடு சண்டீகருக்குக் குடிபோனார். வாங்கியவர்கள் எல்லாரும் 'இதிலிருந்து பிரதி எடுக்க மாட்டேன்' என்று நோட்டில் கையெழுத்துப் போட்டவர்கள். மிச்சம் ஒரே ஒரு முறை.

கீழ்வீட்டுக் கௌதமனுக்கு இதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். விமான நிலையத்தில் வேலை; டில்லியிலேயே பிறந்த பிள்ளை.

"அரே அக்கா, ரெண்டு மினிட் வேலை. பூட்டை உடைச்சுடறேன். கடையே பந்த் ஆயிடுச்சு, யாருக்கு இந்த ப்ராமிஸ்?"

"கட மூடிட்டா நான் சொன்னது இல்லன்னு ஆயிருமால? சம்மதம்னு அமுக்குனது என் வெரலுல்லா."

"அப்ப பூட்டு நல்லதுங்கறீங்களா?"

"நல்லதுன்னு யாரு சொன்னா? களவாங்குதவன் சொவரேறிக் குதிச்சு உள்ள ஆடிட்டிருக்கான். துட்டு குடுத்தவ வாசல்ல நிக்கா. அதத்தான் அந்தக் கடைக்காரனுக்கு ஒம்பது கடுதாசி போட்டேன். ஒம்பதுக்கும் மிஷின்தான் நன்றி சொல்லுச்சு."

போன மார்கழியில் விசிறி அடியோடு நின்றது. கௌதமன் கம்ப்யூட்டரைத் தூக்கிப்போய் இரண்டு நாள் வைத்திருந்து சரிசெய்தான். திருப்பிக் கொடுக்கும்போது, "இன்னும் ஒரு மாசம் தாங்கினா பெரிசு அக்கா" என்றான். கூடவே ஒரு காகிதத்தை நீட்டினான். விண்ணப்பம்! தை மாதம் அவனுக்கும் ஸ்ம்ருதிக்கும் கல்யாணம். மேளக்காரர்களை இவ்வளவு தூரம் வரவழைக்கக் கட்டுப்படியாகவில்லை. ஏழாவது சிடியை மாப்பிள்ளை அழைப்புக்குத் தந்து உதவ வேண்டும்.

"ரெண்டு நாள் ஒன் வீட்லதான இருந்துச்சு. எடுத்திருக்கலாம்லா?"

"எடுத்திருந்தா உங்க மூஞ்சியப் பாத்து எப்படி அக்கா கல்யாணத்துக்குக் கூப்பிடுவேன்?"

காந்திமதி விண்ணப்பத்தை மூன்று நாள் பரிசீலனையில் வைத்தார். நமக்கே பதிந்து வைத்துக்கொள்வோம், பெட்டி போய்விட்டால் ஒன்றும் மிஞ்சாது என்று ரத்தினவேல் மன்றாடினார். காந்திமதிக்கும் ஆசை இல்லாமல் இல்லை. அந்த மேளம் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. கடைசியில் சொன்னார்: "வச்சிக்கிட்டு என்ன செய்ய? வீட்டுக்குள்ள ஒத்தையில ஆடவா? தெருவுல ஆடுத மேளம்லா இது."

கௌதமன் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வாங்கிக்கொண்டான். நாலாம் நாள் கம்ப்யூட்டர் ஒரேயடியாகப் படுத்தது. எத்தனை தட்டியும் எழவில்லை. காந்திமதி ஒரு வேளை சாப்பிடவில்லை. ஆனால் சிடியைத் திருப்பிக் கேட்கவும் இல்லை.

தை ஞாயிறு, பனி விலகிய பதினொரு மணிக்கு மாப்பிள்ளை அழைப்பு. சிடி பாடுகிற கருவி அந்தக் குடியிருப்பிலேயே ரத்தினவேலின் பழைய காரில்தான் இருந்தது. நான்கு கதவுகளையும் திறந்து போட்டு அவர் காரை ஊர்ந்து ஊர்ந்து ஓட்டினார். முதல் கொட்டிலேயே தெரு கிறங்கிவிட்டது. ஸ்வெட்டருக்கு மேல் பட்டுப்புடவை கட்டிய மாமிகளும், வேடிக்கை பார்க்க வந்த காவலாளியும், எதிர்வீட்டு சர்தார்ஜியும் ஒரே வட்டத்தில் குதித்தார்கள். சுற்றிலும் போன்கள் உயர்ந்தன. இருபது, முப்பது, ஐம்பது.

 கௌதமன் மாலையும் கழுத்துமாக ஓடினான். "பையா, ரெக்கார்டிங் பந்த் கரோ! நான் சைன் பண்ணியிருக்கேன்!"

காந்திமதி அவன் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். உயர்ந்து நின்ற போன்களை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை, பொடி எழுத்தைப் படிக்கிற அதே நிதானத்தோடு பார்த்தார். "கையெழுத்துப் போட்டது நீதான, தெரு போடலல்லா" என்றார். பிறகு முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு காரைப் பார்த்துத் திரும்பி, சத்தத்தை இன்னும் கூட்டச் சொல்லி ரத்தினவேலுக்குக் கையை மேலே, மேலே என்று உயர்த்திக் காட்டினார்.