ஏஞ்சலம்மாளுக்கு வந்த விமர்சனம்

ஏஞ்சலம்மாள் தமிழில் பாடுவாள். தமிழ் வாசிக்கத் தெரியாது. தாராவியில் பிறந்து முனிசிபாலிட்டி இந்திப் பள்ளியில் ஏழாவது வரை படித்தவள். பாட்டை இந்தி எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷமாக மேடையேறுகிறாள். செம்பூர் கல்யாண மண்டபமோ, தாணே பொங்கல் விழாவோ, புருஷன் மரியசூசை கூடவே போவார். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில், அவளுடைய கைப்பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருப்பார்.

அவருக்குத் தோல்பை தைக்கிற பட்டறையில் வேலை. பேச்சுக் குறைவு. கச்சேரி முடிந்து டாக்ஸியில் வரும்போது எப்படி இருந்தது என்று அவள் கேட்டால், "ம், நல்லாருந்துச்சு. பசிக்கா?" என்பார். அந்தக் குறையைத் தீர்த்தது பத்திரிகைதான். பம்பாய்த் தமிழ்ப் பத்திரிகையில் நிகழ்ச்சியைப் பற்றி ஏதாவது வந்தால், சாயங்காலம் கை கழுவி, கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்துக் காட்டுவார். உச்சத்துக்குப் போனபோது குரல் நடுங்கவில்லை, சோகப் பாட்டில் தான் அழாமல், கேட்டவர்களை அழவைத்தார் என்றெல்லாம் இருக்கும். திட்டும் இருக்கும். ஒருமுறை, இரண்டாவது சரணத்தை ரயில் பிடிக்கப் போகிறவர் மாதிரி ஓட்டிவிட்டார் என்று வந்திருந்தது.

"யாரு அந்த ஆளு? மைக்கு முன்ன வந்து நின்னு பாடச் சொல்லுங்க."

"சொல்லுதேன்" என்றார் மரியசூசை.

இரண்டு நாள் அந்த விமர்சகரை ஏசினாள். பிறகு சமையலுக்கு நடுவில் அதே சரணத்தை நிதானமாகப் பாடிப் பார்த்தாள். எழுதினவர் சொன்னது சரிதான்.

போன மழைக்காலத்தில் மரியசூசை இறந்துபோனார். பொங்கல் கழிந்ததும், மறைந்த மேடைப் பாடகி விஜயராணிக்கு அஞ்சலியாக, அந்த அம்மா பாடிவந்த பாட்டுகளை ஏஞ்சலம்மாள் குரலில் குர்லா ஸ்டுடியோ ஒன்றில் பதிவு செய்தார்கள். புருஷன் இல்லாமல் அவள் பாடிய முதல் பாட்டுகள். எப்படி வந்திருக்கிறது என்று அவளுக்கே பிடிபடவில்லை. வாட்ஸ்அப் குழுவில் கேட்டதற்குக் கட்டைவிரல் படங்கள் வந்தன. கோபர்கைரனேயில் இருக்கும் மகன் சாஜன், "மஸ்த் ஹை மம்மி" என்று இந்தியில் பாராட்டிக் குரல் செய்தி அனுப்பினான். பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம்தான் விமர்சனம் வந்தது. கீபோர்டு வாசிக்கும் நாகராஜ் பத்திரிகையைக் கொடுத்துவிட்டுப் போனான். சாஜனுக்கும் தமிழ் வாசிக்க வராது. என்னைப் புகழ்ந்திருக்கிறார்கள், வாசித்துச் சொல்லு என்று அடுத்தவரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. இரண்டு நாள் ஃபிரிட்ஜ் மேல் கிடந்தது. கடைசியில் பக்கத்து வீட்டுக் கலைச்செல்வியைக் கூப்பிட்டாள். வள்ளியூரிலிருந்து போன வருஷம் கல்யாணமாகி வந்த பெண்.

"ஏட்டி கலை, இதக் கொஞ்சம் சத்தமா வாசி."

கலைச்செல்வி நின்றபடியே வாசித்தாள். ஏஞ்சலம்மாளின் மேடை நிகழ்ச்சிகளைப் போலவே இந்த அஞ்சலிப் பதிவும் சிறப்பாக அமைந்துள்ளது. குரலில் இனிமை. குழுவினருக்குப் பாராட்டுகள்.

"ம், மேல வாசி."

"அவ்ளோதான்க்கா."

"பின்பக்கம் பாரு."

"பின்பக்கம் தண்ணிக் குழாய் ரிப்பேரு விளம்பரம்."

ஏஞ்சலம்மாள் சுவரிலிருந்த சட்டத்தைக் கழற்றிக் கொடுத்தாள். இரண்டாவது சரணத்தைக் குறை சொன்ன அந்தப் பழைய விமர்சனம்தான். திட்டு இருந்தாலும் அவளுடைய போட்டோவோடு வந்தது என்று மாட்டியிருந்தாள். கலைச்செல்வி முந்தானையால் தூசியைத் துடைத்துவிட்டு வாசித்தாள். ஏஞ்சலம்மாள் பாடிய பழைய பாடல்கள் பலத்த கைதட்டலைப் பெற்றன.

"ரெண்டாவது சரணம்னு ஏதாவது போட்டிருக்கா? ரயிலுன்னு?"

"ரயிலா? பாட்டுக் கச்சேரிக்கு எதுக்குக்கா ரயிலு?" என்று சிரித்தாள் கலைச்செல்வி.

ஏஞ்சலம்மாள் கட்டிலில் உட்கார்ந்தாள். நேருக்கு நேர் ஒரு வார்த்தை சொல்ல வராத மனிதர், பத்திரிகையை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு இத்தனை வருஷம் பேசியிருக்கிறார்.

"நீ இந்தப் பாட்டெல்லாம் கேட்டியாட்டி?"

"கேட்டேனேக்கா. சூப்பரா இருக்கு."

"எந்த எடம் சரியில்ல?"

கலைச்செல்வி பயந்துபோனாள். தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று நினைத்திருப்பாள். "சரியில்லாத எடமா? நீங்க பாடுனா எல்லாம் நல்லாத்தான்க்கா இருக்கும்" என்றாள். குக்கர் விசிலடித்துவிட்டது என்று போய்விட்டாள்.

ஏஞ்சலம்மாள் போனில் பாட்டை வைத்தாள். மூன்றாவது பாட்டின் நடுவே ஓரிடத்தில் மூச்சு வாங்கின மாதிரி இருந்தது. நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி கேட்டாள். தப்பு என்று சொல்லவும் முடியவில்லை, சரி என்று விடவும் மனம் வரவில்லை. இன்னொரு தடவை வைத்தாள்.