காலிக் கேனுக்கு ஓர் ஆணி

பூச்சிமருந்து இன்ஸ்பெக்டர் என்றால், வீட்டுக்கு வந்து கரப்பான்பூச்சிக்கு மருந்தடிக்கிறவள் என்றே எல்லாரும் நினைக்கிறார்கள். ரேஷன் கடை, மின்வாரியம் என்று தினமும் ஜனங்களிடம் திட்டு வாங்குகிறவர்களே, உங்கள் வரிசையில் எனக்கும் கொஞ்சம் இடம் விடுங்கள். திருச்சியிலிருந்து மாற்றலாகி வந்த எனக்கு, கொல்கத்தா துறைமுகத்தில் இறங்குகிற, கப்பலேறுகிற பூச்சிமருந்தைச் சோதிப்பது வேலை.

வாடை

சாம்பிள் எடுக்கிற நாளில் எனக்கு முன்னால் வாடை வீட்டுக்குள் நுழைந்துவிடும், கையுறை போட்டிருந்தாலும். ஒருநாள் ஜாதவ்பூர் ஃபிளாட்டுக்கு வந்ததும் கை சிவக்கத் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் அப்பளக்கட்டைப் பிரித்தேன். என் கணவர் கையை மோந்து பார்த்தார். அப்பளத்தைப் பிடுங்கிக்கொண்டு, "சோப்புக்கெல்லாம் மசியற சாமான் இல்லடி இது. நகரு, நான் பொரிக்கறேன்" என்றார்.

தீவிலிருந்து

ஒரு குட்டித் தீவு நாட்டுக்கு இங்கிருந்து மருந்து போகவிருந்தது. அந்த நாட்டில் பூச்சிமருந்துத் துறை என்றால் ஒரே ஒரு அம்மாள்தான். என்னை ஃபோனில் பிடித்துக்கொண்டார். மருந்தைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை, காலிக் கேனைப் பற்றித்தான் எல்லாம். குழி தோண்டிப் புதைக்கலாமே என்று சட்டப்புத்தகத்தில் இருப்பதைச் சொன்னேன். "முழங்கால் ஆழம் தோண்டினாலே எங்களுக்குத் தண்ணீர் வந்துவிடும் மேடம், அதைத்தான் குடிக்கிறோம். உங்களுக்குத்தான் அவ்வளவு பெரிய நாடு இருக்கிறதே, நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்றார்.

ஆணி

நாங்கள் செய்வது இதுதான். கார்டன் ரீச் பக்கம் ஒரு தனியார் கிடங்கு. மருந்தைச் சின்ன டப்பாக்களில் அடைத்தபின் மிஞ்சும் காலிக் கேன்களை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகாதபடி ஆணியடித்து ஓட்டை போட வேண்டும். ஆணி பிடிப்பவர் காவல்காரர் சுபல்தா; நான் அவரை 'தா', அண்ணன் என்பேன், அவர் என்னை 'தீதி', அக்கா என்பார். அடித்துக்கொண்டே வீட்டுப் புராணம் சொல்வார்: தெருக்குழாயில் காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர், பிடித்து வைக்க ஒரு வாளிதான், ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் மாம்பி பாதி நாள் குளிக்காமலே பள்ளிக்கூடம் போகிறாள்.

கேட்டுக்கு வெளியே எப்போதும் பெண்கள் கூடிவிடுவார்கள். மூடி போட்ட கெட்டியான நீலக் கேன், பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஒருத்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்: "குடிக்கத் தண்ணி குடுக்க வக்கில்ல, தண்ணி புடிக்கிற கேன்ல ஓட்டை போட மட்டும் ஆபீசர் வந்துடுறாங்க!"

மாம்பி

அடுத்த தடவை போனபோது ஆணி பிடிக்க வேறு ஆள் இருந்தான். சுபல்தாவின் மகளுக்கு வாந்தி, வலிப்பு, ஆஸ்பத்திரி என்றான். ஓடினேன். எனக்கு முன்னால் எல்லாம் முடிந்துவிட்டிருந்தது.

வீட்டுக்குப் போனேன். வாசலில் லேபிள் உரித்த, ஓட்டை போடாத நீலக் கேன், பாதி தண்ணீரோடு. அந்தக் கிடங்குக் கேன்தான், எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். அத்தனை கேனிலும் ஆணி பிடித்த மனிதர் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கோபத்தோடுதான் கிட்டே போனேன், அவர் முகத்தைப் பார்த்ததும் அழுகைதான் வந்தது. அவராகவே சொன்னார்: "வாடை போற வரைக்கும் வெயில்ல வெச்சிருந்தேன் தீதி. நல்லா சோப்புப் போட்டுத்தான் கழுவினேன்."

எந்த விஷம் எந்தக் கப்பலில் வருகிறது என்பதெல்லாம் தெரிந்த எங்கள் இலாகாவுக்கு, காவல்காரர் வீட்டில் இன்னொரு வாளி இல்லை என்பது மட்டும் தெரியாது.