இன்னும் பூஜ்யம் ஆகாதவர்கள்

லிஃப்டுக்குள் ஏறியதும் அவர் முதலில் அழுத்துவது, தான் நிற்கிற மாடியின் பொத்தானைத்தான். மூன்றாம் மாடியில் ஏறி மூன்றையே அழுத்துவார். கூட ஏறியவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். "இருக்கிற இடத்துக்கே போகச் சொன்னா இது என்ன பண்ணுதுன்னு பாக்கணும்ல?" என்பார், ஏதோ ஊர் உலகமெல்லாம் அப்படித்தான் செய்கிறது போல. கதவு ஒழுங்காக மூடித் திறந்தால்தான் மனசு ஆறும். அதற்கப்புறம்தான் ஐந்தோ ஆறோ.

லிஃப்ட் பழுது பார்ப்பது அவருடைய பிழைப்பு. இருபத்திரண்டு வருடமாகிறது. கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் 'ஒருவேளை'. எதைச் சொன்னாலும் அந்த வார்த்தையில்தான் ஆரம்பிப்பார். குடை வாங்கினால் குளியலறை ஷவருக்கடியில் விரித்துப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் தெருவுக்கு எடுத்துப்போவார். "கல்யாணத்துக்குச் சம்மதமான்னு கேட்டா, 'ஒருவேளை ரெண்டு பேருக்குமே குறட்டை வந்தா?'ன்னு கேட்ட மனுஷன் இவரு" என்று மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவரும் சிரிப்பார். குறட்டை இரண்டு பேருக்கும் வந்துவிட்டது.

இவருக்கு இன்னொரு வேலையும் உண்டு, சம்பளம் இல்லாதது. லிஃப்டைத் தூக்குகிற கம்பிக்கயிற்றுக்கு வயதாகிவிட்டால் மாற்ற வேண்டும். எந்தக் கயிறு எந்தத் தேதியில் மாட்டியது, இன்றைக்கு அதற்கு என்ன வயது என்று கணக்குப் பார்க்கத் தானாகவே கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு ஒரு சின்ன நிரல் எழுதினார். சும்மா கிடக்கிறதே என்று இணையத்தில் போட்டார். திறந்த மூலம் என்பார்கள் அதை. எடுத்துப்போகிறவர் யாரையும் கேட்க வேண்டாம், திருத்தம் சொல்கிறவரும் கேட்க வேண்டாம், திட்டுகிறவர் கேட்கவே வேண்டாம். கயிற்றுக்கு எழுதியதை மனிதர்களுக்குப் பயன்படுத்த ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடங்கள், ஆஸ்பத்திரிகள், விளையாட்டுக் கழகங்கள் என்று இப்போது எத்தனை இடத்தில் ஓடுகிறது என்று அவருக்கே தெரியாது.

இரண்டு தேதிக்கு நடுவே வயது சொல்வதில் என்ன பெரிய கஷ்டம் என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடாதீர்கள், சோறு ஆறிப்போகும். பிப்ரவரி இருபத்தொன்பதில் பிறந்தவர், பிறந்த வருடம் மட்டுமே தெரிந்தவர், இன்று காலைதான் பிறந்தவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு விதி, அந்த விதி உடையாமல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை. கணக்கு பத்து வரி என்றால் 'ஒருவேளை' எழுநூறு வரி.

அப்பேர்ப்பட்ட மனிதர்தான் கோட்டை விட்டார்.

ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து புகார் வந்தது. யாரோ வருடத்தைத் தப்பாக அடித்ததில், மைனஸ் நாலு வயதுப் பையன் ஒருவன் ஒன்றாம் வகுப்புப் பட்டியலில் ஏறிவிட்டானாம். நியாயமான புகார்தானே? புதிய பதிப்பில் விதியை இறுக்கினார். பிறந்த தேதி இன்றைக்குப் பிறகு வந்தால் 'தேதி தவறு' என்று சொல்லி நிரல் நின்றுவிடும். அவருக்கு அவ்வப்போது உதவுகிற இன்னொரு நிரலாளர் மட்டும், "ஒருவேளை யாருக்காவது மைனஸ் தேவைப்பட்டா?" என்று நிரலின் இணையப் பக்கத்தில் எழுதிக் கேட்டார். நம்மாள் பதில் எழுதினார்: "மாட்டாத கயித்துக்கு ஏது வயசு? அப்படி யாரும் இருக்க மாட்டாங்க."

பதிப்பு ஒரு வியாழக்கிழமை வெளியானது. சனிக்கிழமை காலை அந்தப் பதிலுக்குக் கீழே ஒரு கடிதம் வந்து நின்றது.

"நான் நர்ஸ். எனக்கு கம்ப்யூட்டர் வேலை எதுவும் தெரியாது. எங்க கம்ப்யூட்டர்காரர்தான் இங்க எழுதச் சொன்னார். அப்படி யாரும் இருக்க மாட்டாங்கன்னு எழுதியிருக்கீங்க. இருக்காங்க. இப்ப என் வார்டுல பதினொரு பேர் இருக்காங்க."

குறைமாதத்தில் பிறந்து, சூடு காக்கிற கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிற குழந்தைகள். அவர்களுடைய வளர்ச்சியைப் பிறந்த நாளிலிருந்து பார்ப்பதில்லையாம், பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து பார்க்கிறார்களாம். நிரலில் பிறந்த தேதியாகக் கொடுப்பதும் அந்த நாளைத்தான்; அது வந்தால்தான் வயது பூஜ்யம். "ஒருத்தி பொறந்து மூணு வாரம் ஆச்சு. எங்க கணக்குல மைனஸ் ஆறு வாரம். வியாழக்கிழமையிலேர்ந்து வளர்ச்சி சார்ட் திறக்க மாட்டேங்குது. ஒவ்வொரு பெட்டியைத் தொடுறதுக்கு முன்னாடியும் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவணும், அதுக்கு நடுவுல எல்லாருக்கும் கையால கணக்குப் போடுறோம். தூக்கக் கலக்கத்துல தப்பு வந்துடுமோன்னு பயமா இருக்கு சார்."

இரண்டு தடவை படித்தார். முகம் சுண்டிப்போயிற்று. வெட்கமாக இருந்தது அவருக்கு, அப்பட்டமான வெட்கம். பின்னால் நின்று படித்த மனைவி, "ஏங்க, ஊருக்கெல்லாம் ஒருவேளை சொல்றீங்க, இந்த ஒரு எடத்துலயா வாயை மூடிக்கிட்டீங்க?" என்றார்.

உதவுகிற நிரலாளரை ஃபோனில் கூப்பிட்டார். "அந்த விதியைத் தூக்கிடுங்க சார், முடிஞ்சுது" என்றார் அவர்.

"தூக்கினா மைனஸ் நாலு வயசுப் பையன் திரும்ப வந்து பெஞ்சுல உக்காருவான்."

"அப்ப வார்டை என்ன பண்றது?"

"இருங்க. கதவு பூட்டினபடி இருக்கட்டும். தெரிஞ்சு கேக்கிறவங்களுக்கு மட்டும் சாவி."

அப்படியே எழுதினார். ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்காரர் தன் பக்கத்தில் ஒரே ஒரு வார்த்தை சேர்த்தால் மைனஸ் வயது கிடைக்கும், மற்றவர்களுக்குப் பழையபடி 'தேதி தவறு'. அதிலும் இவருக்கு ஒரு சந்தேகம். சாவி வைத்திருப்பவரே வருடத்தைத் தப்பாக அடித்தால்? எத்தனை வாரம் வரை மைனஸ் விடலாம் என்று நர்ஸுக்கு எழுதிக் கேட்டார். "பதினெட்டு வெச்சுக்குங்க. அதுக்கும் முன்னாடி பொறந்து எங்ககிட்ட யாரும் வந்ததில்ல" என்று பதில் வந்தது. அந்த வரியை இன்னொரு தடவை படித்தார். பிறகு பதினெட்டு என்று அடித்தார்.

பெயர் வேண்டாம், தேதி மட்டும் போதும் என்று கேட்டு, பதினொரு தேதிகளையும் வாங்கிக்கொண்டார். வழக்கமாக இம்மாதிரிப் பட்டியலை அப்படியே வழித்து ஒட்டிவிடுகிற ஆள், இதை ஒவ்வொன்றாகக் கையால் அடித்தார். மற்ற சோதனைகளுக்கு 'தப்புத் தேதி ஒன்று', 'தப்புத் தேதி இரண்டு' என்றுதான் தலைப்பு வைத்திருந்தார். இவற்றுக்கு 'முதல் பெட்டி', 'இரண்டாம் பெட்டி' என்று பதினொன்று வரை வைத்தார். தான் எழுதிய பழைய பதிலை அழிக்கவில்லை. அதற்குக் கீழே, "நான் சொன்னது தப்பு. இருக்கிறார்கள்" என்று சேர்த்தார்.

சோதனைகளை ஓட்டினார். பள்ளிக்கூடத்துப் பையனை நிரல் வாசலிலேயே நிறுத்தியது. பதினொரு பெட்டிகளும் தேறிவிட்டதாகப் பச்சை காட்டின. இனி 'வெளியிடு' என்ற பொத்தானை அழுத்துவதுதான் பாக்கி.

அவர் எழுந்து போனார். அலம்புகிற தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டு, ஒருவழியாகச் சாப்பிட வருகிறார் என்று மனைவி தட்டெடுத்து வைத்தார். எட்டிப் பார்த்தால், மனிதர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். நகத்துக்கடியில் இருந்த கிரீஸைப் பழைய பல்துலக்கியால் ஒவ்வொரு விரலாகச் சுரண்டினார். இரண்டு தடவை அலம்பினார். துவைத்த துண்டாகக் கேட்டு வாங்கித் துடைத்தார். தட்டைத் தாண்டி நேரே நாற்காலிக்குப் போய், வேறெதையும் தொடாமல், ஒரு விரலால் அந்தப் பொத்தானை அழுத்தினார்.