பதினெட்டாம் நம்பர் ஓடு

தாராவித் தளவாய் பானை ஓட்டைத் தின்கிறார் என்று பக்கத்து மாஹிமில் ஒரு பேச்சு உலவுகிறது. சொன்னவர் கண்ணால் பார்த்தவரில்லை. அவருடைய மச்சினனுக்கு டீக்கடையில் யாரோ சொன்னது. தளவாயிடமே கேட்டால் பதறமாட்டார். "திங்கல, அண்ணாச்சி. நக்கிப் பாக்கேன். அவ்ளோதான்."

முப்பது வருடமாக அவருக்குப் பழைய பிளாஸ்டிக்கைத் தரம் பிரிக்கிற வேலை. வாளி உடைசலோ டி.வி. மூடியோ, கைக்கு வந்ததும் நகத்தால் ஒரு சுண்டு. காதருகே வைத்துக் கேட்பார். சந்தேகமென்றால் ஓரத்தைக் கடிப்பார். அதற்கும் மசியாததை லைட்டரால் சுட்டுப் புகையை முகர்வார். "இது ஃப்ரிட்ஜ் மால். அது குர்சி மால்" என்று ஃப்ரிட்ஜ் சரக்குச் சாக்குக்கும் நாற்காலிச் சரக்குச் சாக்குக்கும் துண்டுகள் பறக்கும். ஐந்து நொடிக்கு மேல் யோசித்தால் அன்றைக்கு ஜலதோஷம் என்று அர்த்தம்.

இந்த மூக்கைத் தேடித்தான் அதீபா வந்தாள். மாஹிம்காரி, அவள் வாப்பாவின் பை தைக்கும் பட்டறைக் கழிவு தளவாயிடம்தான் வரும். அந்தக் காலத்தில் கடல்வழியாகச் சரக்கு ஏற்றி வந்த இடுப்புயரச் சாடிகள், உட்புறம் தார் பூசியவை, எந்த ஊர் மண்ணில் செய்யப்பட்டன என்பது அவளுடைய ஆராய்ச்சி. கடற்கரையில் பொறுக்கிய பதினேழு ஓடுகளுக்கு மையால் எண் போட்டுக் கொண்டுவந்திருந்தாள்.

தளவாய் ஒன்றிலிருந்து தாரைச் சுரண்டிச் சுட்டார்.

"மாமா! அது ஆயிரம் வருசத்துது!"

"அதாம் இவ்ளோ காஞ்சிருக்கு." கண்ணை மூடி முகர்ந்தார். "ரோட்டுத் தாரு இல்ல, டாக்டரு. கந்தக வாடை அடிக்கி. பூமிக்குள்ளயிருந்து தானா ஊறுத தாரு. மண்ணும் நம்ம பக்கத்து மண்ணில்ல. நாக்குல மாவாக் கரையுது."

பாரசீக வளைகுடாப் பக்கம் என்றுதான் அவளுடைய புத்தகங்களும் சொல்லின. டாக்டர் பட்டம் வாங்குமுன்னே டாக்டராகிவிட்டவள் பூரித்துப் போனாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். தரம் பிரிக்கிற கோடவுனில் ஒரு வழக்கம் உண்டு: புது ஆளின் குவியலில் சம்பந்தமில்லாத துண்டு ஒன்றைச் சத்தமில்லாமல் செருகிவிடுவது. கண்டுபிடித்தால் டீ, விட்டுவிட்டால் ஒரு வாரம் கிண்டல். படித்த பெண்ணென்றால் மட்டும் விலக்கா? தளவாயின் வீட்டில் விரிசல் விட்ட தண்ணீர்ச் சாடி ஒன்று கிடந்தது. நாலு சந்து தள்ளி, குயவர்கள் இருக்கிற கும்பார்வாடாவில் செய்தது. கசிவை அடைக்க அவரே உள்ளே மொட்டைமாடித் தாரைப் பூசப்போய், தண்ணீரில் ஹைவே வாடை வருகிறது என்று மனைவி விஜயராணி அதை மூலையில் தள்ளியிருந்தாள். தளவாய் அதன் வாயோரம் ஒரு துண்டை உடைத்து, இரண்டு நாள் டீத்தண்ணீரில் ஊறப்போட்டு, சாக்கடை மணலில் தேய்த்து, அதீபாவின் எழுத்தைப் போலவே 18 என்று எழுதி, அவள் அடுத்தமுறை வந்தபோது பைக்குள் நழுவவிட்டார்.

மூன்று வாரம் கழித்து அவள் ஓடிவந்தாள்.

"மாமா, பதினெட்டுதான் மாமா விசேஷம்! பட்டியல்ல எழுதவே விட்டுட்டேன், லூசு நான். லேப்ல அறுத்து மைக்ரோஸ்கோப்ல பாத்தாச்சு. மண்ணு வளைகுடா மண்ணில்ல, நம்ம கரை மண்ணு! வெளிநாட்டுச் சாடியப் பாத்து இங்கயே யாரோ காப்பியடிச்சிருக்காங்க. இதுவரைக்கும் யாருமே சொல்லாதது. சனிக்கிழமை பதினோரு மணிக்கு எங்க காலேஜ்ல, பெரிய பெரிய ஆளுங்க முன்னால பேசுதேன். நீங்க முன்வரிசை."

"யாரோ..." என்றார் தளவாய்.

வீட்டில் விஷயத்தைக் கேட்ட விஜயராணி முதலில் வயிறு வலிக்கச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "உங்க சேட்டைக்கு அந்தப் புள்ள படிப்பு போவணுமா? அத்தன பேரு முன்னால ஒருத்தன் கண்டுபிடிச்சாம்னா அவ மானம் கப்பலேறாதா? சொல்லித் தொலைங்க."

"சொன்னா எம் மூக்க இனிமே எவ நம்புவா?"

"ஆமா, பெரிய மூக்கு!"

அந்த வாரம் குர்சி மால் சாக்கில் ஃப்ரிட்ஜ் மூடிகள் கிடந்தன.

சனிக்கிழமை பத்தேகால் மணிக்கு, அவள் காலேஜுக்குப் போகிற ரயிலுக்காக, மாஹிம் ஸ்டேஷன் பெஞ்சில் தளவாய் சலவைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். மடியில், செய்தித்தாளில் சுற்றிய மிச்சச் சாடி. பக்கத்திலிருந்தவர் மரியாதையாகத் தள்ளி உட்கார்ந்தார். அஸ்தி என்று நினைத்திருக்கவேண்டும்.

நாலாவது தடவையாக அதீபாவுக்கு போன் போட்டார். மணி போனது; அவள் எடுக்கவில்லை. ஸ்பீக்கரில் போட்டுப் பெஞ்சில் வைத்தார். மணி போய்க்கொண்டேயிருக்க, செய்தித்தாளைப் பிரித்து, சட்டைப்பையிலிருந்து அதே மைப்பேனாவை எடுத்தார். சாடியின் வாயோரம் துண்டு பெயர்ந்த பள்ளத்தை ஒட்டி, இந்தமுறை தன் சொந்தக் கோணல் எழுத்தில், மேடையிலிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரிப் பெரிதாக எழுதினார்: 18.