எங்கள் சபை உபவாசத்தை நிறுத்திய வாரம்

“மார்ச் இரண்டாம் ஞாயிறு. பிரசங்கம் பாதியில் நின்றது. பாஸ்டருக்குக் குரல் எழவில்லை. சபையார் பாட்டுப் பாடி ஆராதனையை முடித்தார்கள்.”

எங்கள் சபையின் ஆண்டுக் குறிப்புக்காக நான் எழுதிய வரிகள் இவை. அந்தப் பாஸ்டர் என் கணவர் ஞானமுத்து. ஒரு நோயின் முதல் நாளைப் பதிகிறோம் என்று எனக்கு அப்போது தெரியாது. அதற்கு அடுத்த வரி கோவிலுக்கு வெள்ளையடிப்பது பற்றியது.

எங்கள் சபை வெம்பக்கோட்டைப் பக்கம் இருக்கிறது. சபையாரில் பெரும்பாலோர் பட்டாசு ஆலைகளில் வேலை செய்கிறவர்கள். இங்கே தொண்டை கரகரத்தால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மருந்து என்று நாங்கள் சொல்லும் வெடித்தூளின் நெடி எல்லோர் தொண்டையிலும் உண்டு. ஆளாளுக்குப் பனங்கற்கண்டு கொண்டுவந்து கொடுத்தார்கள். அவரும் வாயில் போட்டுக்கொண்டே ஊழியத்தைத் தொடர்ந்தார். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாது. இதை வாசிக்கிறவர்கள் அதையாவது தெரிந்துகொள்ளுங்கள்.

மே மாதம் மதுரையில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். லாரிங்கோஸ்கோபி (குரல்வளைக்குள் சிறு கேமரா விட்டுப் பார்ப்பது) செய்தார்கள். பிறகு பயாப்ஸி (சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது). குரல்வளையில் புற்றுநோய் என்று முடிவு வந்தது.

அவர் கேட்ட ஒரே கேள்வி, “ஞாயித்துக்கிழமை பேச முடியுமா டாக்டர்?” என்பதுதான்.

“முதல்ல உயிர், அடுத்தது குரல். அறுவை இல்லாம ரெண்டையும் காப்பாத்தப் பாக்குறோம்” என்றார் டாக்டரம்மா. “கதிர்வீச்சும் மருந்தும் சேர்த்துக் குடுக்கணும். ஆனா ஒண்ணு. நடுவுல இடைவெளி விழக்கூடாது. விழுந்தா அது நோய்க்குத்தான் லாபம்.”

என் கணவரைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆலையில் விபத்து என்று கேட்டால் ஆம்புலன்ஸின் பின்னாலேயே பைக்கில் போய்விடுவார். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்கள் என்று விசாரிக்க மாட்டார். தீக்காயப் பிரிவின் வாசலில் உறவினர்களோடு உட்கார்ந்திருப்பார். ரத்தத்துக்கு ஆள் பிடிப்பார். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவருவார். ஆலையில் வெடிமருந்து செலுத்தும் அறையில் வேலை பார்க்கும் செல்வராணியின் அம்மா அப்படி ஒரு விபத்தில் இறந்தபோது, செல்வராணி படிப்பை முடிக்கும்வரை கூடவே நின்றவர் இவர்.

அதனால் அவருக்கு வியாதி என்றதும் சபை சும்மா இருக்கவில்லை. சங்கிலி உபவாசம் என்று முடிவெடுத்தார்கள். வைத்தியம் முடியும்வரை, தெருவுக்கு ஒரு நாள் முறை வைத்து, யாராவது காலையும் மதியமும் சாப்பிடாமல் பாஸ்டருக்காக ஜெபிக்க வேண்டும். சங்கிலி ஒரு நாளும் அறக்கூடாது. சபை மூப்பர் தாசன் முறை எழுதி வாசலில் ஒட்டினார். அதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது. இன்றும் அந்தப் பெருமை எனக்குக் குறையவில்லை.

சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கும் ஒருவர், எங்கள் சபைக்காரர் அல்ல, மதுரைக்குப் போய்வரத் தன் காரைக் கொடுத்தார். விடியலில் புறப்பட்டால் மதியத்துக்குள் திரும்பிவிடுவோம்.

கதிர்வீச்சு தொடங்கிக் கொஞ்ச நாளில் அவருக்கு எச்சில் விழுங்கவே முடியவில்லை. மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் உணவுக்குழாய் வைத்தார்கள். பாலும் முட்டையும் அடித்து ஒரு வேளை, வடிகட்டிய சத்துமாவுக் கஞ்சி ஒரு வேளை என்று ஊசியில்லாச் சிரிஞ்சில் ஊற்ற வேண்டும். பேசவும் கூடாது. ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்தேன்.

மதியக் கஞ்சியை நான் கலக்கி வைத்துவிட்டு, அன்று உபவாசமிருக்கும் தெருவுக்கு ஜெபிக்கப் போவேன். அவர் போக முடியாத இடத்துக்கு நான் போனேன். அவரே ஊற்றிக்கொள்ளப் பழகியிருந்தார். திரும்பி வரும்போது பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருக்கும்.

ஒரு வியாழக்கிழமை, கதிர்வீச்சு அறையிலிருந்து டெக்னீஷியன் வெளியே வந்து என்னைக் கூப்பிட்டார். கதிர் படும்போது தலையும் கழுத்தும் அசையாமலிருக்க, முகத்தின் அளவுக்கே வார்த்த வலைபோன்ற கவசத்தை மாட்டி மேசையோடு பூட்டுவார்கள். அந்தக் கவசம் தாடையோரம் தளர்ந்திருந்தது. விரல் நுழைந்தது.

டாக்டரம்மா எடையைப் பார்த்தார். “இப்படி இறங்குதே. இப்போதைக்குச் சமாளிக்கலாம். இன்னும் இறங்கினா கதிர் குறி தப்பும். நிறுத்திட்டு மறுபடி ஸ்கேன் எடுத்து, புதுக் கவசம் செஞ்சு, கணக்குப் போட்டு ஆரம்பிக்கணும். நாள் போயிரும். என்னம்மா குடுக்குறீங்க?”

நான் வேளைவாரியாகச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு என் கணவரைப் பார்த்தார். “ஐயா, மத்தியானக் கஞ்சி உள்ள போகுதா?”

என் கணவர் பொய் சொல்லத் தெரியாதவர். சிலேட்டை எடுத்து, “பக்கத்து வீட்டு ஆடு குடிக்குது” என்று எழுதினார்.

டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்தது. எனக்கு அழுகை வந்தது. என் கணவர் சிலேட்டைத் துடைத்துவிட்டு மறுபடி எழுதினார். “செல்வராணி மருந்து ரூம்ல வெறும் வயித்தோட நிக்கிறா. எனக்காக. எனக்கு எப்படி இறங்கும்?”

மருந்து அறையின் வேலை என்ன என்று எங்கள் ஊர்க்காரருக்குத்தான் தெரியும். கை நடுங்கக்கூடாது. தலை சுற்றக்கூடாது. எத்தனையோ வீட்டுத் துக்கத்தில் உட்கார்ந்த மனிதருக்கு அது தினமும் கண்ணில் நின்றிருக்கிறது. நிறுத்தச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். “அவுக அன்பா குடுக்கிறத வேண்டாம்னு எப்படிச் சொல்ல?” என்று எழுதினார். ஆயுள் முழுக்க உபவாசத்தின் வல்லமையைப் பிரசங்கித்தவர் வேறு.

“அப்படின்னா நான் சொல்றேன்” என்றேன்.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையாரை உட்காரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன், ஆட்டையும் சேர்த்து. பின்வரிசையில் யாரோ சிரித்து அடக்கினார்கள்.

மூப்பர் தாசன் எழுந்தார். “அம்மா, ஆண்டவருக்கு வாக்குக் குடுத்துப் பொருத்தனை பண்ணிட்டோம். சங்கிலிய நடுவுல அத்துவிட்டா ஆண்டவருக்கு என்ன பதில் சொல்றது?”

செல்வராணி உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினாள். “ஆண்டவருக்கு நீங்க சொல்லுங்க மூப்பரே. அந்த டாக்டரம்மாவுக்கு நான் சொல்லிக்கிறேன். அவுகதான் ரொம்பக் கோவக்காரியா இருக்காகளாம்.”

“ஏ புள்ள, கோவில்ல வெளாட்டா?”

“வெளாட்டு இல்ல மூப்பரே. நாம பட்டினி கெடந்தா அவர் பட்டினி கெடக்காரு. அப்போ நாம சாப்புட்டா அவரும் சாப்புடணும்ல? சாயங்காலம் ஒரு வேளை கூடுதலா ஊத்தச் சொல்லியிருக்காகன்னு அம்மா சொல்றாக. முறைக்காரக வேலைக்கு நல்லா சாப்புட்டுட்டே போவோம். ராத்திரிச் சோத்த வாளியில எடுத்துட்டுப் பாஸ்டர் வீட்டுக்கு வந்து உக்காருவோம். அவருக்கு முழுசும் ஏறின பொறகுதான் நாங்க கை நனைப்போம். எம்புட்டு நேரம் நம்மளக் காக்க வைக்காருன்னு பாத்துருவோம்.”

மூப்பர் வாசலுக்குப் போய் முறைத் தாளைக் கிழித்துவிட்டு வந்து, “புதுசா எழுதணும்ல. பேனா குடுங்க” என்றார். சங்கிலி அறவில்லை என்றுதான் நான் குறிப்பில் எழுதினேன்.

மறுநாள் மாலை செல்வராணி தன் வீட்டாரோடு வந்து கூடத்தில் வரிசையாக உட்கார்ந்தாள். தூக்குவாளிகள் மூடியபடி இருந்தன. என் கணவர் சிரிஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

“பாஸ்டர், எங்களுக்கு விசுவாசம் குறைவு. பசிக்குது. சீக்கிரம் ஊத்துங்க” என்றாள் செல்வராணி.

அவர் சத்தமில்லாமல் சிரித்தார். மூக்கில் ஒட்டியிருந்த குழாய் குலுங்கியது. முழுவதும் ஊற்றி முடித்து வெறும் சிரிஞ்சை எல்லோருக்கும் காட்டினார். வாளிகள் திறந்தன. கூடம் முழுக்கப் புளிக்குழம்பு வாசம். “இதுக்காகவாவது சீக்கிரம் குணமாகணும்” என்று சிலேட்டில் எழுதிக் காட்டினார்.

தெரு மாற்றித் தெரு, தினமும் வந்தார்கள். எடை இறங்குவது நின்றது. பிறகு சிறிது ஏறவும் செய்தது. கவசத்தை மாற்றவில்லை. கதிர்வீச்சு ஒரு நாளும் தடைபடாமல் முடிந்தது. கடைசி நாள் டாக்டரம்மா, “உங்க சபைக்காரங்கள இங்க வார்டுக்கு அனுப்பி வைங்க” என்றார். இவ்வளவு பெரிய பாராட்டு எங்கள் சபைக்கு யாரும் சொன்னதில்லை.

நோயாளியைக் கவனிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கலக்கி வைத்தால் போதாது. உள்ளே போகும்வரை பக்கத்தில் உட்காருங்கள். உபவாசமோ விரதமோ இருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

தீபாவளி சீசன் முடிந்து ஆலைகள் ஓய்ந்திருந்த நவம்பரில் அவர் மறுபடி பிரசங்க மேடை ஏறினார். பழைய குரல் இல்லை. தணிந்து, சொரசொரப்பாக, மைக்கின் உதவியோடு வரும் குரல். மேடையில் நின்று சபையை ஒருமுறை பார்த்தார். வேத வசனத்துக்கு முன்னால், “எல்லாரும் சாப்பிட்டீகளா?” என்று கேட்டார். அதற்கே பாதிப்பேர் அழுதுவிட்டார்கள்.

இப்போது ஒரு இட்லியைச் சாப்பிட அவருக்கு ஒரு பாட்டு முடியும் நேரமாகிறது. எச்சில் சுரப்பு குறைந்ததால் வாய்க்கு வாய் தண்ணீர் வேண்டும். அவர் விழுங்கும் ஓசைக்கு என் காது பழகிவிட்டது. அது கேட்ட பிறகே அடுத்த வாய் எடுக்கிறேன். முன்பு கிழமைகளை ஆராதனையை வைத்து எண்ணினோம். இப்போது ஒரு பரிசோதனைக்கும் அடுத்ததற்கும் நடுவே இருக்கிறோம். பிரசங்கம் சுருங்கிவிட்டது. ஆனால் யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை.

ஒவ்வொரு ஞாயிறும் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார். “சாப்பிட்டோம்” என்று சபை ஒரே குரலில் சொல்கிறது. அவரது அடுத்த ஸ்கேன் வரைக்கும் ஒரு வீட்டில் யாரோ வாரத்தில் ஒரு நாள் ரகசியமாக உபவாசமிருப்பதாகக் கேள்வி. மூப்பரை விசாரித்தேன். செல்வராணியை விசாரித்தேன். ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே இந்தச் செய்தி இன்னும் உறுதி செய்யப்படவில்லை.