வீடில்லாத வாசலில்

என் மகள் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போது "சரி அப்பா, பாய்" என்றுதான் சொல்வாள். "போயிட்டு வாறன்" என்று சொல்லமாட்டாள். இருபத்திரண்டு வருடம் அப்படித்தான் இருந்தது. அதற்குக் காரணம் நான்.

பல்கலைக்கழகம் முடித்த கையோடு அவளுக்கு ஜப்பானில் ஒரு பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கும் வேலை கிடைத்தது. நான் அவளைக் கணக்காளராக்க நினைத்திருந்தேன். அவள் பெட்டியோடு ரொறொன்ரோவில் எங்கள் அஜின்கோர்ட் வீட்டு வாசலில் நின்று "அப்பா, போயிட்டு வாறன்" என்றாள். நான் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமல் "போறதெண்டா போ" என்றேன்.

புறப்படுகிறவரிடம் "போ" என்று சொல்லக்கூடாது என்பது எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கோபத்தில் வாய் தவறிவிட்டது என்று மனைவியிடம் பிறகு சொன்னேன். அது பொய். மகள் எங்கே என்று கேட்டவர்களிடம் நாட்டின் மறுகரையில், வன்கூவரில் வேலை செய்கிறாள் என்றேன். அதுவும் பொய்.

மூன்று வருடத்தில் அவள் திரும்பி வந்தாள். கலியாணம் கட்டி இப்போது பக்கத்தில் யூனியன்வில்லில் இருக்கிறாள். ஞாயிறு தவறாமல் வருவாள், சாப்பிடுவாள், சிரிப்பாள். போகும்போது "பாய்."

போன இலையுதிர் காலத்தில், தான் படிப்பித்த ஊரைக் காட்ட எங்களைக் கூட்டிப்போவதாகச் சொன்னாள். விமானத்தில் பதின்மூன்று மணித்தியாலம் மடக்கி வைக்க என் மனைவியின் முழங்கால் இடம்கொடுக்காது. "நீங்கள் போங்கோ. சொல்ல வேண்டியதையும் சொல்லிப்போட்டு வாங்கோ" என்றாள் அவள்.

அந்த ஊருக்குப் பக்கத்தில், இரண்டு மலைகளுக்கு நடுவே, ஒரு சாமுராய்க் குலம் நூறு வருடம் ஆண்ட கோட்டை நகரம் இருந்திருக்கிறது. எதிரிகள் அதை எரித்தார்கள். பிறகு நானூறு வருடம் அது வயலுக்கடியில் கிடந்ததாம். இப்போது தோண்டி வெளியே எடுத்திருக்கிறார்கள். சோகமான இடமாக இருக்கும் என்று எண்ணிப் போனேன். அங்கேயோ நல்ல வெயில், சிவந்த மேப்பிள் மரங்கள், புல்லில் பாய் விரித்துச் சாப்பிடும் குடும்பங்கள். வீடுகள் இருந்த இடமெங்கும் வரிசை வரிசையாக அத்திவாரக் கற்கள்.

என் வயதுள்ள ஒரு மனிதர் வழிகாட்டியாக வந்தார். அவர் சொன்னதை மகள் தமிழில் சொன்னாள். நான் புலம்பெயருமுன் எங்கள் ஊரில் நில அளவையாளனாக இருந்தவன். கல்லைக் கண்டால் சும்மா நிற்க முடியாது. காலடியால் அளந்துகொண்டு, "இது கிணறு. அப்ப சமைக்கிற குசினி இந்தப் பக்கம்" என்றேன். மகள் மொழிபெயர்த்ததும் அவர் கைதட்டினார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அடுத்தது ஒரு நீளமான தட்டைக் கல். வாசற்படி. யோசிக்காமல் குனிந்து சப்பாத்தைக் கழற்றினேன்.

"அப்பா, என்ன செய்யிறியள்?"

"உள்ளுக்குப் போறன்."

"உள்ளுக்கா? வீடே இல்லை! நானூறு வருசத்துக்கு முதலே எரிஞ்சு போச்சு!"

"வாசல் இருக்குத்தானே."

காலுறை ஓட்டையால் என் பெருவிரல் எட்டிப் பார்த்தது. வழிகாட்டி என் காலையே பார்த்தார். பிறகு தலை தாழ்த்தி வணங்கி, தன் சப்பாத்தையும் கழற்றினார். இரண்டு சோடிகளையும் நுனி வெளியே பார்க்கத் திருப்பி வைத்தார். மகள் வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டே தன்னுடையதையும் கழற்றினாள். நாங்கள் மூவரும் புல்லின்மேல், இல்லாத வீட்டுக்குள் போய் உட்கார்ந்தோம்.

"ஏன் திருப்பி வைக்கிறார்?"

"வெளிக்கிடேக்கை போட லேசு." சப்பாத்துகளைப் பார்த்தபடி சொன்னாள்: "வெளிக்கிடேக்கை இவையள் என்ன சொல்லுவினம் தெரியுமோ? 'இத்தெகிமாஸ்.' போயிட்டு வாறன். அச்சொட்டா அதேதான் அப்பா! வந்த முதல் கிழமையே கண்டுபிடிச்சனான். உங்களுக்குப் போன் பண்ணிச் சொல்லவேணும் போல இருந்தது."

"ஏன் பண்ணேல்லை?"

"நீங்கள் 'போ' எண்டு சொன்னனீங்கள்."

"தெரிஞ்சுதான் சொன்னனான், பிள்ளை" என்றேன். "வாய் தவறேல்லை. உனக்கு நோகவேணும் எண்டு சொன்னனான். நொந்தது. என்ரை பிழை."

அவள் புல்லைப் பிடுங்கினாள். வழிகாட்டி குசினிப் பக்கம் திரும்பி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வன்கூவர் கதையும் உங்கடை பிழைதானே?"

"அது உனக்கு ஆர் சொன்னது?"

"கலியாண வீட்டிலை ஒரு அன்ரி, 'வன்கூவரிலை சரியான மழையோ பிள்ளை' எண்டு கேட்டவ."

"நீ என்ன சொன்னனி?"

"'ஓம் அன்ரி, குடை இல்லாமல் வெளிக்கிடேலாது' எண்டன்."

நான் சிரித்த சிரிப்பில் வழிகாட்டியும், விஷயம் தெரியாமலே, சேர்ந்து சிரித்தார். நாங்கள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு படியை விட்டு இறங்கியபோது அவர் உள்ளே நின்று ஏதோ சொல்லிக் கையசைத்தார். "போயிட்டு வாங்கோவாம்" என்றாள் மகள். ஆனால் இனி என்னிடம் அப்படிச் சொல்வாளா என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டு வாங்கும் சொல் அல்ல அது.

ரொறொன்ரோ வந்து இறங்கியதும் என்னை வீட்டில் விட்டாள். பெட்டியை வாசலில் வைத்து, "சரி அப்பா, பாய்" என்றாள். கார் பின்னால் போய்த் தெருவில் ஏறியது. இனி அவ்வளவுதான் என்று நினைத்து, குனிந்து சப்பாத்தைக் கழற்றினேன்.

ஹோர்ன் அடித்தது. நிமிர்ந்து பார்த்தால் கார் நடுத்தெருவில் நிற்கிறது, கண்ணாடி இறங்கியிருக்கிறது.

"அப்பா! மறந்துபோனன்! போயிட்டு வாறன்!"

ஓட்டைக் காலுறையோடு படியிறங்கி ஓடினேன். "போயிட்டு வா, பிள்ளை! போயிட்டு வா!"

எதிர்வீட்டுக்காரர் யன்னலைத் திறந்து பார்த்தார். உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது: "என்னத்துக்கு இந்தக் கத்துக் கத்துறியள்?"