பேச்சியம்மாள் கொடிக்காலும் ‘மே பி லுக்ட் இன்டூ’வும்

மனு அடித்துக் கொடுக்கிற தொழிலில் கடவுளுக்கு அடுத்தபடியாக அதிகக் கும்பிடும், கடவுளை விட அதிகத் திட்டும் வாங்குவது டைப்ரைட்டர்தான்.

எழுபதுகளின் கடைசியில், மதுரையில் பெரிய ஆபீஸ்கள் இருக்கும் ஒரு வளாகத்தின் வெளிச்சுவரை ஒட்டி, வேப்பமரத்தடியில் மிஷினைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஏதாவது ஒரு ஆபீசுக்கு மனு போட்டுவிட்டு, தினமும் தபால்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்ற அனுபவம் உங்களுக்கு உண்டென்றால், நீங்களும் நம் பங்காளிதான். தமிழில் எழுதினால் மனு மேஜைக்கு அடியில் போகும், இங்கிலீஷில் எழுதினால் மேஜைக்கு மேலே போகும் என்று சனங்களுக்கு ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையில்தான் என் வீட்டு அடுப்பு எரிந்தது.

மூன்று தினுசு

என்னிடம் சரக்கு மூன்றே தினுசு. ‘மே பி லுக்ட் இன்டூ’ என்றால் கவனிக்கப்படலாம், கைகட்டி நிற்பது. ‘ஷுட் பி லுக்ட் இன்டூ’ என்றால் கவனிக்கப்பட வேண்டும். கையை இறக்கிவிட்டு நிற்பது. ‘மஸ்ட் பி லுக்ட் இன்டூ’ என்றால் கவனிக்கப்பட்டே தீர வேண்டும்; மேஜையைத் தட்டுவது. முதல் தினுசுக்குத்தான் கிராக்கி. அடித்து அடித்து, ‘மே’க்கு உண்டான மூன்று எழுத்துக் கட்டைகளும் பல்லி வயிறு மாதிரி வழுவழுவென்று ஆகிவிட்டன. நம்புகிறவர்கள் நம்பலாம்.

ஆனையூரிலிருந்து ஒரு மில் தொழிலாளி வந்தார். தெருவிளக்கு எரியவில்லையாம். “காரசாரமா போடுங்கண்ணே, படிச்சதும் அவிங்களுக்கு வேர்க்கணும்” என்றார். போட்டேன், ஒரே பக்கத்தில் நாலு ‘மஸ்ட்’. காகிதத்தை மிஷினிலிருந்து உருவும்போது எனக்கே விரல் சுட்டது. நாலாம் நாள் ஆள் திரும்பி வந்து, மரத்துக்குப் பின்னால் மறைந்து நின்றுகொண்டு சொன்னார்: “அந்த மஸ்டெல்லாம் எடுத்துட்டு பழையபடி மே போட்டுக் குடுங்கண்ணே, என்னைய வாசப்படி ஏற விடமாட்டேங்கிறாய்ங்க!”

யார் பார்ப்பாக?

பேச்சியம்மாள் வந்தது அதற்கப்புறம். சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர். புருஷன் போனபிறகு தனியாளாக அதைப் பார்த்துக்கொண்டவர். வாய்க்கால் மேலிருந்த கல்பாலம் இடிந்து உள்ளேயே விழுந்து, தண்ணீரை அடைத்துக்கொண்டு கிடந்தது. வெற்றிலைக் கொடி பச்சைப்பிள்ளை மாதிரி. ரெண்டு நாள் தண்ணீர் காட்டாவிட்டால் முகம் வாடிவிடும்.

“குடத்துல சொமந்து ஊத்தி இடுப்பே போச்சுண்ணே. நாங்களே தூக்கிப் போட்டுருவோம். அரசாங்கக் கல்லத் தொட்டா கேசுங்கறாய்ங்க” என்றார்.

மனு அடித்து, அர்த்தமும் சொன்னேன்: “பாலம் விழுந்த விஷயம் கவனிக்கப்படலாம், கல் அப்புறப்படுத்தப்படலாம்.”

“சரிண்ணே. யாரு கவனிப்பாக?”

“அது இதுல வராதும்மா.”

“யாரு கல்லத் தூக்குவாக?”

“அதுவும் வராது. மரியாதையான இங்கிலீஷில் வேலை மட்டும்தான் வரும், ஆள் வராது.”

அந்த அம்மா மனுவை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஊர்ல வெத்தலக் கொடி கட்டக் கூப்பிட்டாக்கூட இன்னார் வாங்கன்னு பேரச் சொல்லித்தாண்ணே கூப்பிடுவோம்!”

பதில் வந்த வைபவம்

மூன்று வாரம் கழித்து ஆபீசிலிருந்து பதில் வந்தது. பேச்சியம்மாள் ஒரு கவுளி இளம் வெற்றிலையும் அந்தக் கடிதமுமாக பஸ்ஸைவிட்டு இறங்கி ஓடிவந்தார். படித்துச் சொன்னேன்: ‘வில் பி லுக்ட் இன்டூ.’ அதாவது, பார்க்கப்படும். கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். நானும் பெருமையாக ரெண்டு வெற்றிலை போட்டேன்.

அடுத்த வாரம் மறுபடி வந்தார். முகம் கறுத்திருந்தது. பார்க்க வருகிறவர்களுக்கு இடம் தெரியாமல் போய்விடக் கூடாதே என்று, ஒரு செம்பில் மோரோடு வாய்க்கால் கரையிலேயே காத்துக் கிடந்திருக்கிறார்.

“வந்து பார்த்தாகளா ஆத்தா?” என்றேன்.

“மூணு நாளா இருந்தேண்ணே. ஒரு எருமை மட்டும் வந்து நல்லா உத்துப் பாத்துட்டுப் போச்சு.”

ரெண்டு பக்கமும் நானே

இந்த நேரம் பார்த்து, அந்த ஆபீஸ் டைப்பிஸ்ட் பிரசவத்துக்குத் தாய்வீடு போய்விட்டார். அங்கே கிளார்க் ஞானராஜ் என்றொருவர். மிஷன் பள்ளியில் படித்தவர். இங்கிலீஷைச் சட்டையை விட விறைப்பாகக் கஞ்சி போட்டு வைத்திருப்பார். மத்தியானம் ஆனால் தன் கையெழுத்து டிராப்டுகளை எடுத்துக்கொண்டு என் மரத்தடிக்கு வர ஆரம்பித்தார். அதாவது, காலையில் ஆபீசுக்கு மனு அடிப்பவனும் நான், மத்தியானம் அதற்கு ஆபீஸ் பதில் அடிப்பவனும் நான். எனக்கு நானே கடிதம் எழுதிக்கொண்டு, எனக்கு நானே கையை விரித்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் பேச்சியம்மாளுக்கான டிராப்டே வந்தது. ‘மே பி டேக்கன் அப் இன் டியூ கோர்ஸ்.’ உரிய காலத்தில் எடுத்துக்கொள்ளப்படலாம். போன கடிதத்தில் ‘வில்’ இருந்தது, இதில் ‘மே’ ஆகியிருந்தது. முன்னால் நகர்ந்த வண்டி பின்னால் உருண்டுவிட்டது. “சார், உரிய காலம்னா எந்த மாசம்?” என்று கேட்டேன். ஞானராஜ் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்: “அண்ணே, அது காலண்டர்ல வராது, அது ஒரு நாகரிகம்.”

வியாழக்கிழமை

அந்தத் தாளை மிஷினில் சொருகப் போன நேரம் பேச்சியம்மாள் எதிரே நின்றார். கையில் ஒரு கொடி. மஞ்சள் மஞ்சளாக, தொட்டால் உதிர்கிற மாதிரி இருந்தது. “இன்னும் ஒரு வாரம் தாங்கும்ணே. அதுக்கு மேல அறுத்துப் போட்டுட்டு செங்கச் சூளைக்குப் போக வேண்டியதுதான்” என்றார். அழவில்லை. அழுதிருந்தால் நான் ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டு டிராப்டை அப்படியே அடித்திருப்பேன்.

அவர் போனதும் டிராப்டை ஒதுக்கிவிட்டு, அதிகாரியே சொல்கிற மாதிரி அடித்தேன். வருகிற வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஒர்க் இன்ஸ்பெக்டர் நேரில் நின்று கல்லை எடுத்து முடிக்க வேண்டும். முடித்த விவரத்தை அன்று சாயங்காலம் என் மேஜைக்குக் கொண்டுவர வேண்டும். ஒர்க் இன்ஸ்பெக்டருக்கு ஒரு நகலும் போட்டேன். டிராப்டோடு ஒத்துப் பார்க்க வேண்டிய ஞானராஜ், தன் இங்கிலீஷில் பிழை இருக்காது என்ற தைரியத்தில் படிக்காமலே ஓரத்தில் இனிஷியல் கிறுக்கினார். அதிகாரியோ இடது கையில் டீ கிளாசைப் பிடித்துக்கொண்டு, காகிதக் கட்டில் கீழ் மூலை மட்டும் தெரிய வலது கையால் கையெழுத்துப் போடுகிற சாதி.

வியாழக்கிழமை ஒன்பதரைக்கே ஒர்க் இன்ஸ்பெக்டர் ஆறு ஆட்களோடும் கடப்பாரைகளோடும் வாய்க்காலில் நின்றார். தன் பதவியும் ஒரு கிழமையும் சேர்ந்து வந்த காகிதத்தைச் சர்வீசிலேயே அவர் பார்த்ததில்லையாம், பாவம். மத்தியானம் தண்ணீர் கொடிக்காலுக்குள் ஏறியது. மறுநாள் பேச்சியம்மாள் வந்து, சேலை முந்தானையிலிருந்த சேற்றை எனக்குக் காட்டிச் சொன்னார்: “வந்தவுக பேரு சுப்பையாண்ணே, சத்தம் போட்டு மூணு தரம் கூப்பிட்டுப் பாத்துக்கிட்டேன்!”

அதிகாரியின் இங்கிலீஷ்

வியாழக்கிழமை சாயங்காலமே விவரம் அதிகாரி மேஜைக்கு வந்துவிட்டது. அங்கே அப்படி ஒன்று வந்த வழக்கமே கிடையாது. “யாருய்யா இவரைப் போகச் சொன்னது?” என்று கேட்டிருக்கிறார். ஒர்க் இன்ஸ்பெக்டர் நகலை நீட்டினார். கீழே அதிகாரியின் சொந்தக் கையெழுத்து, ஓரத்தில் ஞானராஜின் கிறுக்கல். ஞானராஜ் தன் டிராப்டைத் தேடி எடுத்து ஒத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு அதை மடித்துத் தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். படிக்காமல் கிறுக்கினேன் என்று அவரும் சொல்ல முடியாது. படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று அதிகாரியும் சொல்ல முடியாது.

இதையெல்லாம் மறுநாள் மத்தியானம் ஞானராஜே மரத்தடியில் நின்று, பற்களைக் கடித்தபடி எனக்குச் சொன்னார். அன்று அவர் கையில் டிராப்டு ஒன்றும் இல்லை. இனிமேல் வராது என்றும் சொன்னார். “அதிகாரி கடைசியில் என்னதான் சொன்னார் சார்?” என்றேன். கடிதத்தை ரெண்டு தரம் வாசித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே அதிகாரி சொன்னாராம்: “பரவாயில்லையேய்யா, நம்ம இங்கிலீஷ் இம்புட்டுக் கறாரா இருக்கும்னு எனக்கே இத்தனை நாளாத் தெரியாமப் போச்சே!”

செய்யப்படலாம், பார்க்கப்படலாம் என்று லட்சம் தடவை அடித்து நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த நான், இன்னார் இன்ன கிழமை செய்யட்டும் என்று ஒரே ஒரு தடவை அடித்துத்தான் மத்தியானப் பிழைப்பைத் தொலைத்தேன்.